வெட்ஜ் லாஃப்ட்: பையில் இருக்கும் தூர ஓட்டையை அடைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோல்ஃப் ஆடுகிற நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்பது நீண்ட தூரம் அடிக்கும் டிரைவரைப் பற்றி அல்ல, குறைந்த தூரத்துக்குப் பந்தை உயரமாகத் தூக்கி அடிக்கும் வெட்ஜைப் பற்றித்தான். "50 வாங்கட்டுமா, 52 வாங்கட்டுமா?" என்று ஆரம்பிப்பார்கள். அந்த எண்தான் லாஃப்ட், அதாவது கிளப்பின் முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்; அது கூடினால் பந்து உயரமாகப் போகும், தூரம் குறையும். அவர்களுடைய பிட்சிங் வெட்ஜ் (வெட்ஜுகளில் அதிகத் தூரம் போவது) எத்தனை டிகிரி என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்லவே முடியாது. அந்தப் பேச்சுகளில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். தூரங்கள் எல்லாம் யார்டில். பந்து காற்றில் பறந்து முதலில் தரையைத் தொடும் இடம் வரைக்குமான கணக்கு இது, அதாவது கேரி. விழுந்த பிறகு உருளுவது சேராது.

தூர ஓட்டை என்றால் என்ன?

எனக்கு அது புரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். கொடிக்கு 96 யார்டு. க்ரீனுக்கு (கொடி நிற்கும் குட்டைப் புல்தரை) முன்னால் பங்கர் (மணல் பள்ளம்), பின்னால் சரிவு. பிட்சிங் வெட்ஜைப் பையிலிருந்து உருவினேன், திரும்பச் செருகினேன். சாண்ட் வெட்ஜை (மணலிலிருந்து அடிக்க உதவும், லாஃப்ட் அதிகமான வெட்ஜ்) உருவினேன், அதையும் செருகினேன். பார்த்துக்கொண்டே நின்ற, பை தூக்கும் கேடி, "பிச்சிங் தாண்டிடும் சார், சாண்டு பத்தாது" என்றார். பிட்சிங் வெட்ஜையே கொஞ்சம் மெதுவாக அடிக்கலாம் என்று எடுத்தேன். இறங்கும்போது கை தயங்கியது. பந்து நேராகப் பங்கருக்குள் போய் உட்கார்ந்தது.

அப்போது என் 9 அயன் (பிட்சிங்குக்கு முந்தைய கிளப்) 125 போகும், பிட்சிங் 112, சாண்ட் வெட்ஜ் 80. மற்ற கிளப்புகளுக்கு நடுவில் 12, 13 யார்டு வித்தியாசம். இங்கே மட்டும் 32 யார்டு. இதுதான் ஓட்டை. சாதாரண ஆட்டக்காரர் ஒரு சுற்றில் பலமுறை வந்து நிற்கிற தூரமும் இதுதான். பார் 4-இல் (நான்கு அடியில் முடிக்க வேண்டிய ஹோல்) இரண்டாவது ஷாட் சரியாகப் படவில்லையென்றால், பார் 5-இல் மூன்றாவது ஷாட்டுக்கு, மரத்துக்குள்ளிருந்து வெளியே தட்டிவிட்ட பிறகு என்று பெரும்பாலும் 80-இலிருந்து 110-க்குள்தான் நிற்போம்.

இந்த ஓட்டை எப்படி வந்தது? முன்பெல்லாம் இல்லையா?

முன்பு இல்லை. சாண்ட் வெட்ஜைப் பரவலாக்கியவர் அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரசன். அடிப்பாகத்தில் பற்றாசு வைத்துத் தடிப்பாக்கிய கிளப்போடு 1932-இல் இங்கிலாந்தின் பிரின்சஸ் கோர்ஸில் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். அதற்குப் பிறகு சாண்ட் வெட்ஜ் 55, 56 டிகிரியில் நிலைத்துவிட்டது, இன்றும் அங்கேயே இருக்கிறது. அந்தக் காலத்துப் பிட்சிங் வெட்ஜ் 50 டிகிரியை ஒட்டி இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஐந்தாறு டிகிரிதான், அதனால் ஒரு குறையும் தெரியவில்லை.

பிறகு அயன்களின் லாஃப்ட் குறைந்துகொண்டே வந்தது. 48 ஆகி, 46 ஆகி, அண்மை ஆண்டுகளில் வந்த டைட்லிஸ்ட் டி100 செட்டில் பிட்சிங் வெட்ஜ் 46, டி200-இல் 43, பிங் ஜி430-இல் 41. இதை ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இப்போதைய அயன்களில் எடையைக் கீழே இறக்கி, முகத்தை மெல்லியதாக்கிவிட்டார்கள். பந்து தானாகவே உயரமாக எழும்புகிறது, அதனால் லாஃப்ட்டைக் குறைக்க முடிகிறது. ஆனால் விளைவு ஒன்றுதான். மேலே இருந்தவை நகர்ந்துவிட்டன, சாண்ட் வெட்ஜ் நகரவில்லை. 43-க்கும் 56-க்கும் நடுவில் 13 டிகிரி காலியாகக் கிடக்கிறது. அந்தக் காலி இடத்துக்காக வந்ததுதான் கேப் வெட்ஜ். கம்பெனியைப் பொறுத்து அதன் மேல் ஏ, ஜி, யு, டபிள்யூ என்று ஏதாவது ஓர் எழுத்து இருக்கும். எல்லாம் ஒரே வேலைக்கான கிளப்தான்.

என் பிட்சிங் வெட்ஜ் எத்தனை டிகிரி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிளப்பின் மேல் 'பி' என்று மட்டும்தான் இருக்கும். செட்டின் பெயரையும் வருடத்தையும் வைத்துக் கம்பெனியின் தளத்தில் பார்த்தால் லாஃப்ட் பட்டியல் கிடைக்கும். வருடம் முக்கியம். ஒரே பெயரில் வரும் அடுத்த மாடலில் லாஃப்ட் மாறியிருக்கலாம்.

கிளப் சரிசெய்யும் கடை பக்கத்தில் இருந்தால் லாஃப்ட் அளக்கும் கருவியில் வைத்தே பார்த்துவிடுங்கள். என் சாண்ட் வெட்ஜில் 56 என்று பொறித்திருந்தது. கருவியில் முள் 55-ஐக்கூடத் தொடவில்லை. தயாரிப்பில் ஒரு டிகிரி முன்பின் ஆவது சகஜம். வருடக்கணக்காகப் பயிற்சி ரேஞ்சில் ரப்பர் பாயில் அடித்துக்கொண்டிருந்தாலும் கொஞ்சம் நகரலாம். பழைய கிளப் வாங்குகிறவர்கள் அளக்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

எத்தனை டிகிரிக்கு ஒரு வெட்ஜ் வேண்டும்?

நாலிலிருந்து ஆறு டிகிரி. நடுத்தர வேகத்தில் ஸ்விங் செய்கிறவருக்கு 4 டிகிரி சுமார் 10 யார்டு, 5 டிகிரி 12-ஐ ஒட்டி வரும். வேகமாக அடிக்கிறவருக்கு இதைவிட அதிகம், மெதுவாக அடிக்கிறவருக்குக் குறைவு.

பிட்சிங் 46 என்றால் 50, 54, 58 என்பது எளிதான ஏணி. நான்காவது வெட்ஜுக்கு இடம் இல்லையென்றால் 46, 51, 56 போதும். பிட்சிங் 43 என்றால் 48, 53, 58. பிட்சிங் 41 என்றால் செட்டோடு வருகிற 45 அல்லது 46-ஐக் கட்டாயம் வாங்கிவிட்டு, அதற்கு மேல் 50, 54 அல்லது 51, 56 என்று போகலாம்.

இதெல்லாம் தொடக்கக் கணக்குதான். தூரம் சொல்கிறதையே கடைசியில் கேட்க வேண்டும்.

தூரத்தை எப்படி அளப்பது?

இதில் அவசரப்படாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரு கேள்வியை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பந்து பறப்பதை அளக்கும் லாஞ்ச் மானிட்டர் இருக்கிற இடத்தில் ஒரு மணி நேரம் கிடைத்தால் மிக நல்லது. முதலில் உடம்பு சூடாகும் வரை அடியுங்கள், அதை எழுதாதீர்கள். பிறகு 9 அயன், பிட்சிங், இருக்கிற வெட்ஜுகள் ஒவ்வொன்றிலும் பத்துப் பந்து. கேரி எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பந்தின் தலையில் பட்டு ஓடியதையும் மண்ணை வெட்டிவிட்டுப் போனதையும் நீக்கிவிட்டு, மிச்சத்தின் நடு எண்ணை எடுங்கள்.

ரொம்பப் பேர் செய்யும் தப்பு, அன்றைக்குப் பட்ட மிகச் சிறந்த ஷாட்டைத் தன் தூரம் என்று நினைத்துக்கொள்வது. "என் பிட்சிங் 125 போகும்" என்பார் ஒருவர். ஒரு தடவை போயிருக்கும், பின்காற்றில். அந்த எண்ணை வைத்து வெட்ஜ் வாங்கினால் எல்லாமே கோணலாகிவிடும்.

மானிட்டர் இல்லையென்றாலும் முடியும். ஆள் இல்லாத நேரத்தில் தண்ணீர் விட்டு ஈரமாக இருக்கிற பயிற்சி மைதானத்துக்குப் போங்கள். பந்து விழுந்த இடத்தில் குழி தெரியும். நண்பர் ஒருவர் பந்து பறக்கும் வழியை விட்டு நன்றாக ஒதுங்கி நின்று, எந்தக் குழி எந்தப் பந்து என்று பார்த்து வைக்கட்டும். லேசர் கருவியால் குழிவரை அளந்தால் முடிந்தது. ஒன்றே ஒன்று, ரேஞ்ச் பந்து வேண்டாம். பல ரேஞ்சுகளில் அவை தேய்ந்து, கடினமாகி, குறைவாகப் பறக்கும், சுழற்சியும் வராது. கோர்ஸில் எந்தப் பந்தோடு ஆடுகிறீர்களோ அதே பந்தில் ஒரு டஜன் எடுத்துப் போங்கள்.

உங்கள் பையில் எப்படிச் சரிசெய்தீர்கள்?

முதலில் தப்பாகத்தான் செய்தேன். எல்லாரும் 52 வைத்திருக்கிறார்களே என்று நானும் ஒரு 52 வாங்கிவிட்டேன். வந்து அடித்தால் 90. பிட்சிங் 112, புதியது 90, சாண்ட் வெட்ஜ் 80. மேலே 22 யார்டு ஓட்டை அப்படியே நிற்கிறது, கீழே 10 யார்டுக்கு ஒரு கிளப். காசு போனதுதான், ஓட்டை கொஞ்சம் இடம் மாறியது.

52 என்கிற எண் எங்கிருந்து வந்தது என்று அப்புறம்தான் யோசித்தேன். பிட்சிங் 47, 48 ஆக இருந்த காலத்தில் 48, 52, 56 என்பது கச்சிதமான ஏணி. என் பிட்சிங் 43. நான் வேறு ஆளுடைய ஏணியின் நடுப்படியை வாங்கி என் வீட்டுச் சுவரில் சாய்த்திருக்கிறேன்.

பிறகு அளந்து, 48, 53, 58 என்று மாற்றினேன். இப்போது 112, 100, 88, 75. எங்கேயும் 13-க்கு மேல் இடைவெளி இல்லை. பழைய 56-ஐக் கொடுக்க மனசு வரவில்லைதான், பங்கரில் அதோடு கை பழகியிருந்தது. அப்படி விட மனமில்லாதவர்கள் 43, 49, 56 என்று வைத்துக்கொள்ளலாம். என் வேகத்தில் அது 112, 98, 80 ஆகும். கீழே 18 யார்டு கொஞ்சம் அகலம்தான், ஆனாலும் 32-ஐவிடப் பெரிய நிம்மதி.

மூன்று வெட்ஜா, நான்கு வெட்ஜா?

விதி 14 கிளப்புக்கு மேல் அனுமதிக்காது. மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் ஒரு கிளப் அதிகமாக இருந்தால், அப்படி ஆடிய ஒவ்வொரு ஹோலுக்கும் இரண்டு தண்டனை அடி, ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் நான்கு. ஆகவே ஒரு வெட்ஜ் உள்ளே வந்தால் வேறொன்று வெளியே போக வேண்டும்.

டிரைவர், ஃபேர்வே வுட், இரண்டு ஹைப்ரிட் (அயனும் வுட்டும் கலந்த கிளப்), 5-இலிருந்து 9 வரை அயன், பட்டர். பத்து ஆயிற்று. மிச்சம் நான்கு இடம், பிட்சிங்கையும் சேர்த்து நான்கு வெட்ஜ் சரியாக உட்கார்ந்துவிடும். நீண்ட அயனோ இன்னொரு ஃபேர்வே வுட்டோ சேர்க்கப் பார்க்கும்போதுதான் தகராறு வரும். கடைசி ஐந்து சுற்றில் எந்தக் கிளப்பைத் தொடவே இல்லை என்று யோசித்துப் பாருங்கள். பலருக்கும் அது நீண்ட தூரக் கிளப்புகளில்தான் இருக்கும்.

60 டிகிரி வாங்கலாமா?

60 டிகிரி வெட்ஜை 1980-களில் தொழில்முறை டூரில் எல்லாரும் கவனிக்கவைத்தவர் டாம் கைட். அவருக்குக் குறுகிய ஆட்டம் சொல்லிக்கொடுத்த டேவ் பெல்ஸ் முன்பு நாசாவில் வேலை பார்த்தவர். பில் மிக்கல்சன் 64 வரைக்கும் போனார். அவர்கள் தினமும் மணிக்கணக்கில் அதோடு பயிற்சி செய்கிறவர்கள்.

வாரம் ஒரு முறை ஆடுகிறவருக்கு நான் 58-க்கு மேல் சொல்வதில்லை. 60-இல் முழு ஸ்விங் போட்டால் பந்து உயரே போகிறது, முன்னால் போவதில்லை. புல்லில் தூக்கலாக நிற்கும் பந்துக்கு அடியில் முகம் நழுவிப் போய்விட்டால் பாதித் தூரம்கூட வராது. சித்திரை வைகாசியில் நம் ஊர் ஃபேர்வே காய்ந்து கட்டாந்தரையாகக் கிடக்கும்போது 60-ஐ எடுத்துச் சிப் செய்ய எனக்கே பயம். முகத்தைக் கொஞ்சம் திறந்து பிடித்தால் 56-உம் 58-உம் அந்த வேலையைச் செய்யும். உங்கள் கோர்ஸில் க்ரீன்கள் மேடாக, ஆழமான பங்கர்களோடு இருந்து, பயிற்சிக்கும் நேரம் இருந்தால் 60 நல்ல கருவிதான். ஆனால் ஓட்டையை அடைத்த பிறகு.

கேப் வெட்ஜைச் செட்டோடு வாங்குவதா, தனியாக வாங்குவதா?

பிட்சிங் வெட்ஜ் 43-ஓ அதற்குக் கீழோ என்றால் செட்டோடு வருவதையே வாங்குங்கள். அந்தக் கிளப்பைப் பெரும்பாலும் முழு ஸ்விங்கில்தான் அடிப்பீர்கள். அயன்களைப் போலவே தலை, அதே ஷாஃப்ட் (தண்டு), தப்பாகப் பட்டாலும் கொஞ்சம் காப்பாற்றும். தனி வெட்ஜுகள் பெரும்பாலும் கனமான ஸ்டீல் ஷாஃப்ட்டோடு வருகின்றன. அயனில் கிராஃபைட்டோ இலகுவான ஸ்டீலோ இருந்தால் கைக்கு வேறு ஆளுடைய கிளப் மாதிரி இருக்கும், தூரமும் கணக்கை விட்டு விலகும். 54-க்கு மேல் தனி வெட்ஜ் எடுங்கள், அங்கே அடிப்பாகத்தின் வடிவம் முக்கியம்.

வாங்கிய வெட்ஜை வளைத்து லாஃப்ட்டை மாற்றலாமா?

ஒன்றிரண்டு டிகிரி மாற்றலாம். ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) கிளப் எளிதாக வளையும். வார்ப்பில் செய்தது என்றால் இரண்டுக்கு மேல் கேட்காதீர்கள், கழுத்து முறிந்துவிடலாம். ஒரு டிகிரி லாஃப்ட்டைக் குறைத்தால் பவுன்ஸும் ஒரு டிகிரி குறையும், கூட்டினால் கூடும். 56-ஐ 54 ஆக்கினால் 12 பவுன்ஸ் 10 ஆகிவிடும். அந்தக் கணக்கை மறந்துவிட்டு, பங்கரில் ஏன் கிளப் மண்ணுக்குள் இறங்குகிறது என்று குழம்பக்கூடாது.

பவுன்ஸ் என்று சொன்னீர்களே?

கிளப்பின் அடிப்பாகம் முன்விளிம்பைவிட எவ்வளவு கீழே தொங்குகிறது என்பதற்கான கோணம். மண்ணுக்குள் புதையாமல் வழுக்கிக்கொண்டு போக உதவுவது அது. 6 வரை குறைவு, 7-இலிருந்து 10 நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். மணல் தளர்வாக இருந்தால், அல்லது பெரிய பெரிய புல்கட்டியாக வெட்டி எடுக்கிறவராக இருந்தால் அதிக பவுன்ஸ். இறுகிய தரை, மெலிந்த மணல் என்றால் குறைவு. தெரியவில்லையென்றால் நடுத்தரத்தில் ஒன்றை எடுத்துவிட்டு லாஃப்ட்டைக் கவனியுங்கள்.

நான் மெதுவாக அடிக்கிறவன். எனக்கும் இதே கணக்கா?

இல்லை. வேகம் குறைந்தால் இடைவெளிகளும் நெருங்கும். பிட்சிங் வெட்ஜில் 75 யார்டு போகிறவருக்கு 4 டிகிரி என்பது ஏழு யார்டுதான் வரும். அவர் நான்கு வெட்ஜ் சுமப்பதில் பயன் இல்லை. ஆறு டிகிரி இடைவெளியில் இரண்டு வெட்ஜ் சேர்த்தால் போதும், மிஞ்சும் இடத்தில் ஒரு ஹைப்ரிட் வரட்டும். மூத்த ஆட்டக்காரர்களுக்கும், புதிதாக ஆட வந்த பெண்கள் பலருக்கும் கடைக்காரர் ஆண்களுக்கான 50, 54, 58-ஐயே எடுத்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது வருத்தமாக இருக்கும். அவர்களுக்கு உண்மையில் உதவப்போவது அந்த ஹைப்ரிட்.

ஊட்டியில் ஆடப்போனால் வெட்ஜ் தூரம் மாறிவிடுமே?

மாறும். உயரமான இடத்தில் காற்று அடர்த்தி குறைவு. ஆயிரம் அடிக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் என்பது பொதுவான கணக்கு. ஊட்டி 7,000 அடிக்கும் மேலே இருக்கிறது, ஆகவே முழு ஷாட்டுக்கு எட்டு சதவீதத்தை ஒட்டி. வெட்ஜில் பந்தின் வேகம் குறைவு என்பதால் மாற்றமும் இன்னும் கொஞ்சம் குறைவாக இருக்கும். அங்கே குளிர் வேறு, அது சிறிது தூரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். சென்னையில் 100 போகிற கிளப் அங்கே 105, 106 போகிறது என்று வைத்துக்கொண்டு ஆடுங்கள். எல்லா வெட்ஜும் சேர்ந்து நீள்வதால் இடைவெளி ஒரு யார்டுகூட விரிவதில்லை. அதற்காகத் தனி செட் தேவையில்லை.

காலையில் அடிக்கும்போது மட்டும் வெட்ஜ் சொன்னபடி போவதில்லை, ஏன்?

பனி ஈரம். மார்கழியில் முதல் நாலைந்து ஹோல்களில் புல் நனைந்திருக்கும். முகத்துக்கும் பந்துக்கும் நடுவில் தண்ணீர் போனால் பந்து முகத்தில் பிடிக்காமல் வழுக்கி உயரமாகக் கிளம்பும், சுழற்சி வெகுவாகக் குறையும். டூர் ஆட்டக்காரரின் பிட்சிங் வெட்ஜில் பந்து நிமிடத்துக்கு 9,000 சுற்றுக்கு மேல் சுழலும். அந்தச் சுழற்சிதான் பந்தை க்ரீனில் நிறுத்துகிறது. முகத்தில் இருக்கும் கோடுகள் தண்ணீரையும் புல்லையும் வெளியேற்றத்தான். 2010-இலிருந்து கோல்ஃப் விதிகளை வகுக்கும் யுஎஸ்ஜிஏவும் ஆர் அண்டு ஏவும் அவற்றின் கூர்மைக்கும் கொள்ளளவுக்கும் வரம்பு வைத்துவிட்டதால் நாம் செய்யக்கூடியது ஒன்றுதான்: துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு அடிப்பது. தூரத்தை ஈரமில்லாத நேரத்தில் அளந்து வையுங்கள்.

இடைவெளி சரியான பிறகும் நடுத் தூரங்கள் மிஞ்சுமே? 94, 82 எல்லாம்?

மிஞ்சும், அதற்கு இன்னொரு கிளப் பதில் இல்லை. பிடியை ஓர் அங்குலம் கீழே இறக்கினால் எனக்கு நாலு யார்டு குறைகிறது. அன்றைக்குத் தடுமாறிய அந்த 96-க்கு இப்போது 48-ஐ எடுத்து, கையைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்து, வழக்கமான ஸ்விங்கையே போடுகிறேன். மெதுவாக அடிக்க வேண்டும் என்கிற எண்ணமே வராது. இன்னும் குறைய வேண்டும் என்றால் பெல்ஸ் சொன்ன கடிகார முறை. இடது கையைக் கடிகார முள்ளாக நினைத்து, பின்னால் தூக்கும்போது ஏழரை மணி, ஒன்பது மணி, பத்தரை மணி என்று மூன்று இடங்களில் நிறுத்திப் பழகுவது. நான்கு வெட்ஜுக்கு மூன்று என்றால் பன்னிரண்டு தூரம். எனக்கு ஒன்பது மணி மட்டும்தான் கைக்கு வந்திருக்கிறது, அதுவே போதுமானதாக இருக்கிறது. அந்த எண்களை ஒரு சின்ன ஒட்டுத்தாளில் எழுதி ஷாஃப்ட்டில் பிடிக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன்.

ஒரே ஒரு வெட்ஜ் வாங்கத்தான் பணம் இருக்கிறது. எதை வாங்க?

பிட்சிங்குக்கும் சாண்டுக்கும் சரியாக நடுவில் இருப்பதை. இரண்டு டிகிரியையும் கூட்டி இரண்டால் வகுங்கள். 44-உம் 56-உம் என்றால் 50. பயன்படுத்திய கிளப்பாக இருந்தாலும் பரவாயில்லை, முகத்துக் கோடுகளில் நகத்தை ஓட்டினால் தட்டுப்பட வேண்டும், அவ்வளவுதான். வாங்குவதற்கு முன் கடையில் லாஃப்ட்டை அளந்து காட்டச் சொல்லுங்கள்.